தொட்டிச்சம்பாளையம் தேர்வு மையம்

மதுக்கரைப் பக்கத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பங்காரம்மா தலைமையாசிரியையாக இருந்தபோது நடந்ததை அங்கே வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்று ஒருவன் குடித்துவிட்டு வகுப்புக்குள்ளேயே வந்தான். பிள்ளையின் சடையைப் பிடித்து வராண்டா வழியாக இழுத்துக்கொண்டு போனான். தடுக்கப்போன இரண்டு ஆசிரியைகளைத் தள்ளிவிட்டான். சத்தம் கேட்டுத் தம் அறையிலிருந்து வந்த பங்காரம்மா, மணியடிக்கும் இரும்புத் தடியை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அவன் முழங்காலில் போட்டார். அவன் சடையை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அவனை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பீரியடுக்கான மணியை அவரே அடித்தார்.

அவர் சுபாவமே அப்படி. வாய் பேசுமுன் கை பேசிவிடும். சூலூருக்குக் கிழக்கே தொட்டிச்சம்பாளையத்தில் ஒரு நாயுடு குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பிரசவத்தில் போய்ச் சேர்ந்ததும், பிறந்த தம்பியை வளர்க்கும் வேலை பத்து வயதுப் பெண்ணான அவர் இடுப்பில் ஏறியது. அந்தத் தம்பிதான் நரசிம்மலு. படிப்பை விடச் சொல்லி அப்பா பெல்ட்டால் அடித்த நாட்களிலும் தம்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையில் புத்தகத்தைப் பிடித்தவர் அவர். கல்யாணம் ஆனது, பிள்ளையில்லை. மில்லில் கணக்கராக இருந்த கணவர் நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் இறந்தார். அதன் பிறகு அவருக்குப் பள்ளிக்கூடமும் தம்பி வீடும்தான் மிச்சம். தம்பி மகன் யஷ்வந்துக்கு முதல் எழுத்தைக் கை பிடித்து எழுதவைத்ததும் அவரேதான்.

1993இல் மாவட்டக் கல்வி அலுவலராக, அதாவது டி.இ.ஓ.வாக, பதவி உயர்வு வந்தது. அதற்குள் நரசிம்மலுவும் பெரிய ஆளாகிவிட்டான். ஐந்து ஷெட்டில் விசைத்தறி ஓடியது. ஊர் மேல்நிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவன்தான். அக்கா ஜீப்பில் வந்து இறங்குவதை ஊரே பார்க்கவேண்டும் என்று அவருக்கு மாலை போட்டு, மேளம் வைத்து, கூட்டத்துக்கு முன்னால் காலில் விழுந்தான்.

பங்காரம்மாவின் பொறுப்பில் வந்த ஊர்களில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்த லட்சணம் அவருக்கு அந்த வருடமே தெரிந்துபோயிற்று. கைடுப் புத்தகத்தைக் கிழித்துக் கல்லில் சுற்றி ஜன்னல் வழியே வீசுவார்கள். தடுத்த ஆசிரியரின் சைக்கிள் கிணற்றில் கிடக்கும். தொட்டிச்சம்பாளையத்தில் அதற்கும் ஒரு படி மேலே போய், கோயில் நோன்புத் திருவிழாவுக்குக் கட்டும் மைக் செட்டைப் பள்ளிச் சுவருக்கு வெளியே கட்டி, ஒரு டியூஷன் வாத்தியாரை விட்டு விடையை வாசிக்கவைத்தார்கள். போலீஸ்காரர்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

1995இல் யஷ்வந்த் அங்கே தேர்வு எழுதினான். பங்காரம்மா முறைப்படி, தம் நெருங்கிய உறவினர் எழுதும் மையம் என்பதால் தாம் அங்கே மேற்பார்வைக்குப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டார். தம்பியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த வருசம் மைக் செட்டெல்லாம் வேண்டாம், நரசிம்மா. பையன் அவனாவே எழுதட்டும்."

"சரிக்கா, சரிக்கா," என்று சிரித்தான் நரசிம்மலு.

கணக்குத் தேர்வன்று யஷ்வந்த் இருந்த அறைக்குச் சென்னகிருஷ்ணன் என்ற இளம் ஆசிரியர் கண்காணிப்பாளராக வந்தார். வேறு ஊர்ப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர், ஒல்லியான ஆள், சத்தமாகக்கூடப் பேசமாட்டார். யஷ்வந்தின் விடைத்தாளுக்கு அடியில் கைடுப் பக்கங்கள் இருந்தன. முதல் தடவை அவற்றை எடுத்துக்கொண்டு, "எழுது தம்பி," என்று விட்டுவிட்டார். இரண்டாம் தடவை சட்டைக்குள்ளிருந்து வேறு கட்டு வந்தது. விதிப்படி விடைத்தாளை வாங்கிக்கொண்டு பையனை வெளியே அனுப்பினார்.

அன்று மாலை வெயில் இறங்கும் முன்னே, பஸ் நிறுத்தத்தில் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தறிப் பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் சென்னகிருஷ்ணனைச் சூழ்ந்தார்கள். சைக்கிள் செயினால் முதுகில் அடித்துக் கீழே தள்ளினார்கள். ஒருவன் கழுத்தில் முழங்காலை ஊன்றிக்கொண்டான். இன்னொருவன் வலது கையை இழுத்து, பயணிகள் உட்காரும் கல் பெஞ்சின்மேல் விரித்து வைத்தான். மூன்றாமவன் சுத்தியலால் அடித்தான். விரல் விரலாக அடித்தான். நின்றிருந்த டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பங்காரம்மா அவரைப் பார்த்தபோது, முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டை மீறி ரத்தம் கசிந்திருந்தது. உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"யாருன்னு தெரியுங்களா?" என்று கேட்டார் பங்காரம்மா.

சென்னகிருஷ்ணன் தலையை அவர் பக்கம் திருப்பினார். "தெரியுமுங்க மேடம். உங்களுக்கும் தெரியுமுங்க."

"புகார் குடுப்பீங்களா?"

"கையெழுத்துப் போட முடியாதுங்களே. இடது கையில ரேகை வெச்சுத் தர்றேனுங்க."

எம்.எஸ்ஸி., பி.எட். படித்த ஒரு வாத்தியார் கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைப்பதைப் பங்காரம்மா நின்று பார்த்தார். தாள் ஆடாமல் அவரே பிடித்துக்கொண்டார். பிறகு நேராகத் தம்பி வீட்டுக்கு ஜீப்பை விடச் சொன்னார்.

அங்கே சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நரசிம்மலு எழுந்து கை கழுவிவிட்டு வந்தான். அந்த வீட்டில் பேச்சு தெலுங்கில்தான். கோபம் வந்தால் மட்டும் அக்கா தம்பி இருவருமே தமிழுக்கு மாறிவிடுவார்கள். அன்று தமிழிலேயே தொடங்கினார்கள்.

"அடிக்கச் சொன்னது நீதானே?"

"மெரட்டச் சொன்னேன்க்கா. பசங்க கொஞ்சம் மீறிப்போட்டாங்க."

"சுத்தியலு மெரட்டறதுக்கு எடுத்துட்டுப் போனதா?"

"பையன் வாழ்க்கையே போச்சு! ரெண்டு வருசம் எழுத முடியாதாம். ஊருக்குள்ள நான் எப்படித் தலை காட்டறது? நீ டி.இ.ஓ.வா இருந்து என்ன புண்ணியம்?"

யஷ்வந்த் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பங்காரம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, அந்த வாத்தியார் கையை என்ன பண்ணினாங்கன்னு உங்கப்பா சொன்னாரா?"

"சொன்னாருங்க அத்தை," என்றான் அவன். ரசம் கேட்டுத் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினான்.

பங்காரம்மா தம்பி பக்கம் திரும்பி ஓங்கி ஓர் அறை விட்டார். இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை நரசிம்மலு மணிக்கட்டில் பிடித்து முறுக்கினான். வளையல் உடைந்து தோலில் இறங்கியது.

"போதும்க்கா. இனி எந்த வாத்தியானும் அந்த மையத்துக்கு வரமாட்டான். நீயும் வந்துபோடாதே. கூட்டத்துல யாரு கல்லு யாரு மேல உழும்னு எனக்கே தெரியாது."

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சென்னகிருஷ்ணனின் புகாரை வாங்கிக்கொண்ட போலீஸ் நரசிம்மலு வீட்டுப் பக்கமே வரவில்லை. மறுநாள் கண்காணிப்பாளர்கள் எல்லாரும் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதன்மைக் கல்வி அலுவலர் பங்காரம்மாவைக் கூப்பிட்டு, மையத்தை ரத்துசெய்துவிடலாம், பிள்ளைகள் கோயமுத்தூருக்கு வந்து எழுதட்டும் என்றார்.

"பையனுங்க வந்துருவாங்க சார். பொம்பளப் பிள்ளைங்களை அனுப்பமாட்டாங்க. பரீட்சை இல்லேன்னா அடுத்த மாசமே பாதிப் பேருக்குக் கல்யாணம், மீதிப் பேருக்குத் தறி வேலை."

"சரிங்க, யாரு நடத்தறது?"

"நான் போறேனுங்க."

"உறவுக்காரப் பையன் எழுதற எடம், போகமாட்டேன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"அவனை வெளியேத்தியாச்சுங்க சார். இப்ப அங்கே எழுதற யாரும் எனக்குச் சொந்தமில்லே."

பங்காரம்மா தமக்குக் கீழே வேலை பார்த்துப் பழகிய ஆசிரியைகளுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டார். அடி விழலாம், வர இஷ்டமில்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடலாம் என்று மறைக்காமல் சொன்னார். பாதிப் பேர் மறுத்தார்கள். மீதிப் பேர் அறிவியல் தேர்வன்று காலையில் வந்து இறங்கினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியோடு வந்தார்கள். ஜீப் டிரைவர் மைதீன் பிச்சை, தென்காசிப் பக்கத்துக்காரர், சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி லிவரை எடுத்துச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டார்.

தேர்வு தொடங்கிச் சற்று நேரத்திலேயே கேள்வித்தாள் எப்படியோ வெளியே போய்விட்டது. மைக் செட் கரகரத்தது. "கோடிட்ட இடம், ஒண்ணாவது..." என்று குரல் தொடங்கியது. எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

பங்காரம்மா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். மைதீன் பிச்சை பின்னாலேயே ஓடினார். வெளியே ஏகப்பட்ட கூட்டம். அது இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அவர் அவ்வளவு தூரம் வருவார் என்று அவர்கள் நினைக்கவில்லை. மாட்டு வண்டிமேல் ஆம்ப்ளிஃபையரும் பாட்டரியும் இருந்தன. டியூஷன் வாத்தியார் வாசித்துக்கொண்டிருந்த பாதியிலேயே பங்காரம்மா மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கி அதனாலேயே அவர் தலையில் ஒன்று போட்டார். ஸ்பீக்கரில் அந்த அடி ஊர் முழுக்கக் கேட்டது. மைதீன் பிச்சை ஆம்ப்ளிஃபையரை இழுத்துக் கீழே தள்ளி மிதித்தார்.

முதல் கல் அவர் தோளில் விழுந்தது. இரண்டாவது பங்காரம்மாவின் முதுகில். இருவரும் கேட்டுக்குள் ஓடி வருவதற்குள் மழைபோல் கொட்டத் தொடங்கியது. போலீஸ்காரர்களில் ஒருவர் சூலூருக்குத் தகவல் சொல்லப் போகிறேன் என்று பின்பக்கச் சுவரேறிக் குதித்தார். இன்னொருவருக்கு நெற்றி உடைந்து, சமையலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. ஓடுகள் உடைந்து தேர்வு அறைக்குள் விழுந்தன. ஆசிரியைகள் பெஞ்சுகளை அறை நடுவே இழுத்துப் போட்டு, கரும்பலகைகளைக் கழற்றி ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்தார்கள். ஒரு பெண்ணுக்குக் காதோரம் கிழிந்தது. தண்ணீர் கொடுக்க வந்திருந்த பாவாத்தாள் தன் முந்தானையைக் கிழித்து அவளுக்குக் கட்டுப் போட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே எழுதினாள்.

கேட்டின் கீல் பெயர்ந்தது. ஜீப்பின்மேல் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். கரும்புகை வராண்டாவுக்குள் சுருண்டு வந்தது. அதற்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் தடியும் கம்பியுமாக வந்தார்கள். முன்னால் நரசிம்மலு.

"அம்மா, நீங்க உள்ள போங்க. நான் பாத்துக்கிடுதேன்," என்றார் மைதீன் பிச்சை. ஜாக்கி லிவரை வீசி முதலில் வந்தவனின் தோள்பட்டையை உடைத்தார். இரண்டாமவன் கட்டையால் அவர் தலையில் அடித்தான். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் இரண்டு பேர் அவர் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பங்காரம்மா வராண்டாப் படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் அறைக் கதவுகள்.

"ஒதுங்கிக்கோ," என்றான் நரசிம்மலு. அவன் கையில் தறியிலிருந்து கழற்றிய இரும்புக் கம்பி இருந்தது. "என் பையன் எழுதலேன்னா இங்கே எவனும் எழுதக் கூடாது. பேப்பரையெல்லாம் கொளுத்திப்போட்டுப் போயிருவோம். உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"முதல்ல என்னைப் பண்ணிட்டு உள்ளே போ."

"அக்கா, சொன்னாக் கேளு."

அவர் நகரவில்லை. தம்பியின் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்தார். அவன் உதறினான். அவர் விடவில்லை. அப்போதுதான் அவன் கம்பியைச் சுழற்றினான். அடி இடது தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பங்காரம்மாவுக்குத் தலைக்குள்ளே கேட்டது. பற்கள் நாக்கின்மேல் உதிர்ந்தன. கீழே விழுந்தபோதும் தம்பியின் சட்டைத் துணி அவர் கையில் கிழிந்து வந்தது.

நரசிம்மலு கம்பியைப் பிடித்தபடி நின்றான். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அவன் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். அந்த நேரத்தில் சூலூர்ப் பக்கமிருந்து போலீஸ் வேன் சத்தம் கேட்டது. கூட்டம் தறிகெட்டு ஓடியது. தடியடியில் ஓடியவன், நின்றவன், வேடிக்கை பார்த்தவன் எல்லாருக்கும் மண்டை உடைந்தது.

பங்காரம்மா சுவரைப் பிடித்து எழுந்து முதல் அறைக்குள் போனார். வாயிலிருந்து ரத்தம் வழிந்து முன்புறம் முழுக்கச் சேலை நனைந்திருந்தது. பிள்ளைகள் அலறினார்கள். பேச முயன்றார், தாடை தொங்கியது, சத்தம் வரவில்லை. ஜன்னலில் சாய்த்திருந்த கரும்பலகையில் சாக்பீஸை எடுத்து எழுதினார்: 'ஒன்றுமில்லை. எழுதுங்கள். அரை மணி நேரம் கூடுதல்.' ஒவ்வோர் அறையாகப் போய் அதையே எழுதினார். கடைசி அறையில் எழுதி முடித்ததும் மேசைமேல் தலையைச் சாய்த்தவர், விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு முத்திரை வைக்கும்வரை ஆஸ்பத்திரி வண்டியில் ஏறவில்லை.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். வெகுநாள் உறிஞ்சுகுழலில் கஞ்சிதான். அந்த நாட்களில் சொந்தக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாய் கட்டியிருந்ததால் அவர் குறுக்கே பேச முடியாதது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

"கூட்டத்துல யாருன்னு தெரியலேன்னு சொல்லிப்போடு, அம்மணி," என்றாள் ஒரு சித்தி. "கூடப் பொறந்தவனைச் செயிலுக்கு அனுப்பிட்டு நீ யாரோட இருக்கப்போறே?"

பங்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.  யாரும் இல்லாத நேரத்தில் அந்தக் கேள்வியையே நினைத்து அழுதார். அழும்போது தாடை அசைந்து உயிர் போகிற மாதிரி வலித்தது. போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தபோது தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

வழக்கு 1997இல் விசாரணைக்கு வந்தது. போலீஸ்காரர்கள் புகையில் முகம் தெரியவில்லை என்றார்கள். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் தம் அறைக்குள்ளேயே இருந்தாராம். ஆசிரியைகளில் பலர் மறந்துவிட்டார்கள். பாவாத்தாள் மட்டும், நரசிம்மலுவின் பட்டறையில் தன் புருசன் பார்த்துவந்த தறி வேலையை அன்றோடு விடவைத்துவிட்டு, "பாத்தனுங்க, கம்பியில அடிச்சாருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மைதீன் பிச்சைக்கு அடிபட்ட பிறகு ஒரு காது கேட்காது. கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒன்றுவிடாமல் சொன்னார். சென்னகிருஷ்ணன் தன் கையைக் காட்டினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் பங்காரம்மாவிடம் வந்தார். "அவ்வளவு புகை, அவ்வளவு கூட்டம். அடிச்ச கை யாரோடதுன்னு எப்படிங்க அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

தாடை கோணிக்கொண்டதில் அவர் பேச்சு குழறும். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அந்தக் கையைப் புடிச்சு நடை பழக்குனதே நானுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

நரசிம்மலு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மூன்று வருடம் கடுங்காவல் என்று தீர்ப்பானது. வெளியே வந்தபோது அவன் மனைவி செருப்பைக் கழற்றிப் பங்காரம்மாவின் முகத்தில் அடித்தாள். பக்கத்தில் நின்ற யஷ்வந்த் அம்மாவைத் தடுக்கவில்லை. அத்தையின் காலடியில் காறித் துப்பிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். பங்காரம்மாவின் கை ஓங்கி எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டு, காந்திபுரம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். அதுவரை ஒவ்வொரு தேர்வுக்கும் தொட்டிச்சம்பாளையம் போனார். மைக் செட் திரும்ப வரவில்லை. கல் எறிவது மட்டும் சில இடங்களில் தொடர்ந்தது. வேறொரு மையத்தில் இன்னொரு கண்காணிப்பாளருக்கு மண்டை உடைந்தது. அங்கேயும் போய் நின்றார்.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1999 கடைசியில் நரசிம்மலு வெளியே வந்தான். ஒரு நாள் முற்பகலில் சிங்காநல்லூரில் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். கதவைக் காலால் உதைத்தான். பங்காரம்மா திறந்தார். அவன் மெலிந்து, தலை நரைத்திருந்தான். உள்ளே வந்து கையில் கிடைத்த நாற்காலியை எடுத்துச் சுவரில் அடித்தான். அதன் கால் முறிந்து விழுந்தது. 

"ஏன்க்கா சொன்னே?" என்றான். "உனக்குத் தாடைதானே போச்சு. எனக்கு எல்லாமே போச்சு. அடிச்சது தப்புத்தான். அதுக்காகத் தம்பியைக் காட்டிக் குடுப்பியா?"

"என்னை அடிச்சது மட்டும்னா சொல்லியிருக்கமாட்டேன்," என்றார் பங்காரம்மா.

அவன் அந்தக் குழறலை இப்போதுதான் முதல்முறையாக அருகில் நின்று கேட்டான். அவர் வாய் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தான்.  பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த வாத்தியான் என்ன பண்றான்?" என்று கேட்டான்.

"பாடம் எடுக்கறான். இடது கையில எழுதப் பழகிட்டான். கொஞ்சம் கோணலா வருதுன்னு பிள்ளைங்க சிரிக்குதாம்."

நரசிம்மலு முறிந்த நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான். அது நிற்கவில்லை. இரண்டு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு அப்படியே படுக்கப்போட்டான். வாரேன் என்று சொல்லவில்லை. வெளியே போய் வண்டியை உதைத்தான். அது கிளம்பவில்லை. வெயிலில் வியர்த்துக் கொட்ட, திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தான். பங்காரம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, வண்டி கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.